ஸ்கேன் நார்மல்தான்... ஆனால் எந்த விண்டோவில்?

கொஞ்சம் நீளமான இழை இது, பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டு பீரோவில் ஒரு சிடி ஸ்கேன் ஃபிலிம் கிடந்தால் இது உங்களுக்கானது. புதிதாக கேஷுவாலிட்டி ட்யூட்டி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன் தம்பி, தங்கைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் ரேடியாலஜிஸ்ட் கிடையாது. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அரசு மருத்துவமனையில் ஓபியும் ட்யூட்டியும் பார்க்கிறவன். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலிருந்து எங்களிடம் தினமும் ஆட்கள் வருவார்கள். வெளியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருபவர்களும் அதில் உண்டு. கையில் ஒரு பெரிய கவர். அதற்கு முன்பே நீட்டப்படுவது ஃபோன்.

"சார், ஸ்கேன் ஃபோன்லயே இருக்கு. பாத்துச் சொல்லிடுங்க."

இந்த ஒரு வரியில் இருக்கும் ஆபத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் ஒரு விஷயம். சிடி ஸ்கேன் என்பது ஃபோட்டோ அல்ல. உடலுக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு புள்ளியும் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து, அந்தப் புள்ளிக்கு இயந்திரம் ஓர் எண் போடுகிறது. நாம் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படம், அந்த எண்களை வைத்துக் கம்ப்யூட்டர் வரைந்து காட்டுவது.

அந்த எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் இங்கிலாந்தில் இஎம்ஐ நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் அவருடைய இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. அன்றைய படம் 80க்கு 80 கட்டம்தான். இன்று சாதாரணமாக 512க்கு 512. இந்த வேலைக்காக 1979இல் ஆலன் கோர்மாக்குடன் சேர்ந்து மருத்துவ நோபல் பரிசு பெற்றார். மருத்துவர் அல்லாத ஒருவர் மருத்துவத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய பரிசுகளில் அதுவும் ஒன்று.

அவருடைய அளவுகோல் எளிது.

தண்ணீர் - 0
காற்று - மைனஸ் 1000
கொழுப்பு - மைனஸ் 100ஐ ஒட்டி
மூளை - சுமார் 20 முதல் 45
புதிதாக உறைந்த ரத்தம் - சுமார் 50 முதல் 80
கெட்டியான எலும்பு - 700, 1000, அதற்கும் மேல்

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இயந்திரம் பதிந்து வைப்பது 4096 எண்கள் வரை. மானிட்டரில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை இருப்பது பொதுவாக 256 படிகள். மொத்தத்தையும் அதற்குள் திணித்தால் ஒரு படிக்கு 16 எண்கள் போய்விடும். ஆனால் மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இருக்கும் வித்தியாசமே சுமார் 10 எண்கள்தான். இரண்டும் ஒரே நிறமாகிவிடும். ரத்தக் கசிவும் அதோடு கலந்து காணாமல் போகும்.

அதனால் என்ன செய்கிறார்கள்? நமக்கு வேண்டிய எண்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்குள் கறுப்பு முதல் வெள்ளை வரை பரப்பிக் காட்டுகிறார்கள். இதற்குத்தான் விண்டோ என்று பெயர். ஜன்னலேதான். அதற்கு இரண்டு அளவு உண்டு. எவ்வளவு அகலம் என்பது வித். நடு எங்கே என்பது லெவல்.

மூளை விண்டோ என்றால் வித் 80, லெவல் 40. அதாவது 0 முதல் 80 வரை. 0க்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரே கறுப்பு. 80க்கு மேலே இருப்பதெல்லாம் ஒரே வெள்ளை.

நுரையீரலுக்கு வித் 1500, லெவல் மைனஸ் 600. எலும்புக்கு வித் 2000, லெவல் 500. இவையெல்லாம் சுமாரான கணக்கு, மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும்.

கொரோனா காலத்தில் நெஞ்சு ஸ்கேன் எடுத்தவர்கள் அந்த ஃபிலிமை எடுத்துப் பாருங்கள். ஒரு தாளில் நுரையீரல் உள்ளே மரக்கிளை மாதிரி ரத்தக் குழாய்களோடு தெரியும். இன்னொரு தாளில் அதே நுரையீரல் வெறும் கறுப்பாக இருக்கும், இதயம் மட்டும் தெளிவாகத் தெரியும். இரண்டு தடவை ஸ்கேன் எடுக்கவில்லை. ஒரே ஸ்கேன், இரண்டு விண்டோ. கறுப்பாக இருக்கும் தாளை மட்டும் ஃபோட்டோ எடுத்து அனுப்பினால், நிமோனியா இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

சரி, இப்போது ஒரு நோயாளியின் கதை. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அறுபதைத் தாண்டியவர். ஏரிக்கு நடுவே, படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு குப்பம். சில மாதங்களுக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். படகிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, பலகையில் தலை இடித்துவிட்டது. காயம் இல்லை, சின்ன வீக்கம். எழுந்து வேலையைப் பார்த்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துத் தலைவலி. "எப்பப் பாத்தாலும் தூங்கிக்கினே இருக்காரு சார்" என்றார் மகன். காலையிலேயே வெளியில் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட் மறுநாள்தான் கிடைக்கும். அதற்குள் ஃபிலிமை ட்யூப்லைட்டில் காட்டி ஃபோட்டோ எடுத்து, தெரிந்த ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். 'ஒண்ணும் தெரியல, நார்மல்தான்' என்று பதில் வந்திருக்கிறது.

மகனுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். "நாளைக்கு எங்க பாடு சார்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பழவேற்காட்டில் பாடு என்பது ஒரு முறை. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி வைத்திருக்கும் வரிசை. காலங்காலமாக வருவது. உங்கள் முறை வரும் நாளில் நீங்கள் போகவில்லை என்றால் அன்றைய இறால் அன்றோடு போச்சு, அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அவர் கேட்டது நியாயமான கேள்வி: நார்மல் என்றால் ஏன் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்?

ஃபோனில் பார்த்தேன். மண்டை ஓடு சுற்றிலும் பளிச்சென்று வெள்ளை. ட்யூப்லைட் வெளிச்சம் நடுவில் ஒரு கோடு. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஃபிலிமை வியூ பாக்ஸில் மாட்டினேன். எல்லாப் படமும் மூளை விண்டோவில் போட்டவை. வலப்பக்கத்தில் மண்டை ஓடு ஓரிடத்தில் கொஞ்சம் தடிமனாக இருப்பது மாதிரி ஒரு தோற்றம். எலும்பா, வேறு ஏதாவதா?

"ஸ்கேன் கவருக்குள்ள ஒரு டிஸ்க் இருக்கும், குடுங்க" என்றேன். இருந்தது. பெரும்பாலும் இருக்கும், யாரும் வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த டிஸ்க்கில் இருப்பதுதான் உண்மையான ஸ்கேன். டைகாம் என்ற வடிவத்தில் எல்லா எண்களும் அப்படியே இருக்கும். நோயாளியின் பெயர், தேதி, எந்த விண்டோவில் முதலில் காட்ட வேண்டும் என்பது உட்பட எல்லாம் அந்த ஃபைலுக்குள் எழுதியிருக்கும். அந்த முதல் விண்டோ ஒரு பரிந்துரை மட்டுமே. நாம் மாற்றிக்கொள்ளலாம். பார்ப்பதற்கான சின்ன மென்பொருளும் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே வரும். இல்லையென்றால் ரேடியன்ட், மைக்ரோடைகாம் மாதிரி ஏதாவது ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தால் போதும்.

திறந்து, வித் 200, லெவல் 75 என்று மாற்றினேன். சப்டியூரல் விண்டோ என்பார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். மைனஸ் 25 முதல் 175 வரை. முன்பு 80க்கு மேலே எல்லாமே வெள்ளை. அதனால் 60, 70 என்று இருக்கும் புது ரத்தமும் கிட்டத்தட்ட வெள்ளை, பக்கத்திலுள்ள எலும்பும் வெள்ளை, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிந்தன. இப்போது ரத்தம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இறங்கிவிடும். எலும்பு வெள்ளையாகவே நிற்கும்.

வலப்பக்க மண்டை ஓட்டின் உட்புறத்தை ஒட்டி, பிறை மாதிரி ஒரு மெல்லிய பட்டை தனியாகப் பிரிந்து தெரிந்தது. மேலே ஏழெட்டுப் படம், கீழே ஏழெட்டுப் படம் நகர்த்திப் பார்த்தாலும் தொடர்ந்து இருந்தது. இடப்பக்கத்தில் இல்லை. மூளையின் மேலுறைக்கு அடியில் ரத்தக் கசிவு.

மகனைக் கூப்பிட்டு மானிட்டரில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "எறா வலைக்குக் கண்ணு வேற, மடவை வலைக்குக் கண்ணு வேற சார். தப்பு வலைய போட்டா மீனே இல்லன்னுதான் தோணும்."

எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு விண்டோவை இவ்வளவு எளிதாக விளக்கியதில்லை. வலையின் கண்ணளவுதான் எது சிக்கும், எது தப்பும் என்பதை முடிவு செய்கிறது. ஏரி ஒன்றுதான்.

ரேடியாலஜிஸ்டிடம் ஃபோனில் பேசினேன், படத்தைப் பார்த்து உறுதி செய்தார். சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நியூரோ சர்ஜரி ட்யூட்டி டாக்டரிடம் தகவல் சொல்லி 108இல் அனுப்பினோம். பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பகலில் ரோட்டில் போவது வேறு, நள்ளிரவில் வாந்தி எடுத்து நினைவு தப்பிய பிறகு குப்பத்திலிருந்து படகு தேடி, கரைக்கு வந்து, அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் ஏறுவது வேறு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்னக் கசிவு பெரிதாக அதிக நேரம் தேவைப்படாது.

அங்கே அட்மிட் செய்து கண்காணித்தார்கள். ஸ்டென்ட் இருப்பதால் மாத்திரையை எதை நிறுத்துவது, எதை எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். திரும்ப எடுத்த ஸ்கேனில் கசிவு பெரிதாகவில்லை. ஆபரேஷன் தேவைப்படவில்லை. அன்றைய பாடு போனது போனதுதான். ஆள் நடந்து வீட்டுக்கு வந்தார்.

அடுத்து, ஃபுல் ஸ்க்ரீன் விஷயம். இதிலும் சில கண்ணிகள் உண்டு.

பல மென்பொருள்கள் திறந்தவுடன் நான்கு கட்டமாகக் காட்டும். ஒவ்வொரு கட்டமும் உள்ளங்கை அளவு. அதில் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. வேண்டிய கட்டத்தை டபுள் கிளிக் செய்தால் பெரிதாகும். பல மென்பொருளில் எஃப்11 அழுத்தினால் திரை முழுக்க வரும், எஸ்கேப் அழுத்தினால் பழையபடி வரும்.

ஆனால் முழுத்திரைக்குப் போகும் முன் பெயர், தேதி, வலது இடது குறி மூன்றையும் பாருங்கள். சில மென்பொருளில் முழுத்திரையில் அந்த எழுத்துகள் மறைந்துவிடும். சிடி படத்தில் நம் இடப்பக்கம் தெரிவது நோயாளியின் வலப்பக்கம் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது கண்ணி, இழுத்து நிரப்புவது. சிடி படம் சதுரம். மானிட்டர் அகலம். சாதாரண ஃபோட்டோ மென்பொருளில் திரையை நிரப்பச் சொன்னால் சில சமயம் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். நெஞ்சு எக்ஸ்ரேயை அப்படி இழுத்தால் இதயம் குண்டாகத் தோன்றும். இதய அகலத்தையும் மார்பின் உள்ளகலத்தையும் அளந்து வகுத்துப் பார்த்தால் விகிதம் மாறியிருக்காது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே இழுபட்டிருக்கும். கண் மட்டும் ஏமாறும். நல்லா இருக்கிற மனுஷனை 'இதயம் வீங்கியிருக்கு' என்று பயமுறுத்த இது போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். 'திரைக்குப் பொருத்து' என்ற அமைப்பு. முழுப் படமும் தெரியும், ஆனால் முழு விவரமும் தெரியாது. ஒரு டிஜிட்டல் எக்ஸ்ரே 2000க்கு 2500 புள்ளிகள் என்று வையுங்கள், மொத்தம் 50 லட்சம். எங்கள் ஓபி மானிட்டர் 1366க்கு 768. சுமார் பத்தரை லட்சம். திரை முழுவதையும் பயன்படுத்தினாலும் ஐந்தில் நான்கு பங்குப் புள்ளிகளுக்கு இடமே இல்லை. மென்பொருள் அவற்றைச் சேர்த்துக் கலந்து சுருக்கிவிடும்.

இது எங்கே உதைக்கும் தெரியுமா? கெளுத்தி முள்ளில்.

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சேற்றில் கால் வைக்கும்போது கெளுத்தியோ திருக்கையோ குத்திவிடும். உயிர் போகிற வலி. தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைத்தால் அந்த நஞ்சு வலுவிழந்து வலி குறையும் (கொதிக்கும் நீர் கூடாது, வேறொருவர் கை வைத்து சூடு பார்த்துவிட்டு ஊற்றுங்கள்). ஆனால் முள்ளின் துண்டு உள்ளே உடைந்து நின்றுவிட்டால் புண் ஆறவே ஆறாது. சீழ் வைத்துக்கொண்டே இருக்கும்.

மூன்று வாரமாக ஆறாத குதிகால் புண்ணோடு ஓர் அம்மா வந்தார். எக்ஸ்ரே முழுத்திரையில் சுத்தமாகத்தான் தெரிந்தது. அதையே ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்குப் பெரிதாக்கி, பகுதி பகுதியாக நகர்த்தி, விண்டோவைக் குறுக்கிப் பார்த்தபோது எலும்புக்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று. சர்ஜன் திறந்து எடுத்தார். கெளுத்தி முள்ளின் நுனி.

"இத்தினூண்டு முள்ளா என்னை இந்தப் பாடு படுத்துச்சு?" என்று அந்த அம்மா அதைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு போனார்.

அதனால் தம்பி, தங்கைகளே, வரிசை இதுதான். முதலில் திரைக்குப் பொருத்தி மொத்தமாக ஒரு பார்வை. அடுத்து ஒன்றுக்கு ஒன்று அளவில் மூலை மூலையாக ஒரு பார்வை. தலை ஸ்கேன் என்றால் மூளை, சப்டியூரல், எலும்பு என மூன்று விண்டோவிலும் முழுச் சுற்று. மவுஸை அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் நகர்த்தினால் வித், மேலும் கீழும் நகர்த்தினால் லெவல். பெரும்பாலான மென்பொருளில் இப்படித்தான். படம் தாறுமாறாகப் போனால் பயப்பட வேண்டாம், ரீசெட் இருக்கிறது. மூல எண்கள் எதுவும் மாறாது.

மானிட்டரின் பிரைட்னஸைக் கூட்டுவதும் விண்டோவை மாற்றுவதும் ஒன்றல்ல. விண்டோவுக்கு வெளியே போய் ஒரே வெள்ளையான இடத்தில், பிரைட்னஸை எவ்வளவு மாற்றினாலும் புதிதாக எதுவும் தெரியாது. இன்னொன்று, ஓபி அறையில் மானிட்டர் மேல் வெயில் அடிக்கும். முதலில் சுவரில் இருக்கும் ஜன்னலை மூடுங்கள், அப்புறம் திரையில் இருக்கும் விண்டோவைத் திறக்கலாம்.

இப்போது பொதுமக்களுக்கு.

1. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஃபிலிமோடு டிஸ்க்கையோ லிங்க்கையோ கேட்டு வாங்குங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கவரை முழுசாகக் கொண்டு போங்கள்.

2. ஃபிலிமை ஃபோட்டோ எடுத்து அனுப்பி வாங்கும் 'நார்மல்' என்ற பதில் ரிப்போர்ட் ஆகாது. அனுப்புகிறவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், ஃபிலிமில் இல்லாத விண்டோவை ஃபோட்டோவிலிருந்து அவரால் வரவழைக்க முடியாது.

3. வேறு வழியே இல்லாமல் அனுப்புகிறீர்களா? ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே நேராகப் பிடித்து, பெயரும் தேதியும் தெரியும்படி எடுங்கள். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

4. தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், குழறும் பேச்சு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு, மூக்கு அல்லது காதிலிருந்து நீர் வடிதல் - இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் நார்மல் என்று யார் சொல்லியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். முதல் நாள் ஸ்கேனில் இல்லாத கசிவு பிறகு வரவும் வாய்ப்பு உண்டு.

5. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயதானவர்கள் - லேசாக இடித்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதயத்துக்கு ஆபத்து.

6. படகில்தான் போக வேண்டிய ஊர் என்றால் அதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'ராத்திரி ஏதாவது ஆனால் வர எவ்வளவு நேரமாகும்' என்பதும் சிகிச்சை முடிவில் சேர வேண்டிய தகவல்தான்.

அடுத்த முறை யாராவது 'ஸ்கேன் நார்மல்' என்று சொன்னால், தயங்காமல் மரியாதையாகக் கேளுங்கள்: "டிஸ்க்ல போட்டுப் பாத்தீங்களா சார்?" கேட்பதில் தப்பே இல்லை. நானும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்தான்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கடலோர ஊர்களில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு இதை அனுப்புங்கள்.